ஓடிப்போகிற நாய்

"நாய் மறுபடியும் இங்க ஓடி வந்துடுச்சு சித்தி," என்றாள் மைதே, வாசலில் நின்றபடி.

சித்தி கிராசியேலா கதவைப் பாதிதான் திறந்திருந்தாள். "இன்னிக்குப் புதன்கிழமை. உன் முறை ஞாயித்துக்கிழமைதானே?"

"நான் இருக்க வரல. அதைத் தேடிட்டுதான் வந்தேன்."

தெருவுக்கு அந்தப் பக்கம் பிரேசில், அம்மா வீடு. இந்தப் பக்கம் உருகுவே, அப்பா வீடு. நடுவில் வேலி கிடையாது. அங்கே பள்ளிக்கூடத்தில் மைதே உருகுவேக்காரி. இங்கே தெருப் பிள்ளைகளுக்குப் பிரேசில்காரி. அவளை எந்த ஊர் என்று கேட்காதது நாய் மட்டும்தான்.

"கட்டிப் போட வேண்டியதுதானே?"

"அவுத்துக்கிட்டு ஓடிடுது சித்தி. பொறந்த வீடாச்சே."

"சரி, கொல்லையில பாரு. புடிச்சதும் கிளம்பிடணும்."

கொல்லையில் எலுமிச்சை மரத்தடியில் நாய் படுத்திருந்தது. பக்கத்தில் அப்பா மாத்தே இலைக் கஷாயத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் எழுந்து வந்து, அவள் சட்டை முழுக்க ஒட்டியிருந்த நாய் முடியை மெல்லத் தட்டிவிட்டார்.

பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்து, நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அதன் பின்னங்கால்கள் இரண்டும் துணி மாதிரி தொங்கின. கார் மோதி இரண்டு மாதம் ஆகிறது. இனி நடக்காது என்று டாக்டர் சொன்னபோது அப்பாவும் கூடத்தான் இருந்தார். சித்தியிடம் அவர் அதைச் சொல்லவில்லை.

"பாவம், அவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கு. கொஞ்சம் களைப்பாறட்டும்," என்றார், சமையலறைக்குக் கேட்கும்படி.

மைதே தலை குனிந்துகொண்டாள்.

அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கும் ஓடி வருமா?"