அர்மஸ் இன்னும் பாடலாமா?

"பதினோராவது ஆல்பத்துல ஒரு பாட்டு முழுக்க இருமுறாருய்யா மனுஷன்! இதுக்குப் பேரு கலையா?"

எஸ்கோ மேசையைத் தட்டியதில் காப்பிக் கோப்பைகள் துள்ளின. தம்பேரே நகர நூலகத்தின் பின்னறையில், பாடகர் அர்மஸ் விர்தாலாவின் ரசிகர் சங்கக் கூட்டம். எஸ்கோ அதன் தலைவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"அது இருமல் இல்லைய்யா, உணர்ச்சி!" என்றார் பென்டி, இலவங்கப்பட்டை பன்னை மென்றுகொண்டே.

"உணர்ச்சில எதுக்குய்யா சளி வருது?"

எழுபது வயது அர்மஸ், இனி பாடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். சங்கத்தார் நேரில் போய், 'இன்னும் ஒரு ஆல்பம் பாடுங்கள்' என்று கேட்பதா, 'பாடிய வரைக்கும் நன்றி' என்று பெரிய கும்பிடாகப் போட்டுவிடுவதா? இதுதான் பிரச்சினை.

எஸ்கோ கும்பிடு கட்சி. அர்மஸின் ஆரம்பகால ஆல்பங்களுக்காக உயிரையே கொடுப்பார். அவற்றைப் போட்டுக் காட்டித்தான் கல்யாணமே முடித்தார். பின்னால் வந்த ஆல்பங்களை வாங்கி, மேலே காப்பிக் கோப்பையை வைத்துக்கொள்வார்.

"கடைசி ஆல்பத்துல தூண்டில் முள்ளைப் பத்தி ஒம்போது நிமிஷம் பாடறார். அதைக் கேட்டுட்டு என் பொண்டாட்டி, 'இந்தாள் பாட்டைக் கேட்டா உன்னைக் கட்டிக்கிட்டேன்?'னு கேக்கறா. எனக்கு எப்படிய்யா இருக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். பென்டிகூடத் தலையைக் குனிந்துகொண்டார். கும்பிடு கட்சி ஜெயித்துவிடும் போலிருந்தது.

"நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?"

ரைலி எழுந்தார். போன மாதம்தான் சங்கத்தில் சேர்ந்தவர். அறுபத்தைந்து வயதிருக்கும். இதுவரை வாயே திறந்ததில்லை.

"சின்ன வயசுல அவர் பிரிவைப் பத்திப் பாடினார். பிரிவுன்னா என்னன்னு அப்போ அவருக்கு என்ன தெரியும்? இப்போ ரெண்டு வரிக்கு நடுவுல மூச்சு வாங்கறாரே, அதுலதாங்க பாட்டே இருக்கு!"

ரைலி ஒரு அடி முன்னால் வந்தார்.

"அந்தக் குரல் ஊருக்குச் சொந்தம். அதை நாலு சுவத்துக்குள்ள அடைச்சு வெக்கலாமா? காலைல எழுந்ததும் அவர் போக வேண்டிய இடம் ஸ்டுடியோ. ராத்திரி வரைக்கும் அங்கதான் இருக்கணும். வீட்டுக்குள்ள அவர் படற பாடு... ஐயோ, நெனச்சாலே எனக்குத் தாங்கலைங்க!"

ரைலிக்குக் குரல் உடைந்தது. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அர்மஸை இவ்வளவு ஆழமாக நேசிக்கும் ஒருவரை எஸ்கோ பார்த்ததே இல்லை. தானும் ஒரு ரசிகன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

"இன்னொரு ஆல்பம் கேக்கலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க," என்றார் பென்டி.

முதலில் உயர்ந்தது எஸ்கோவின் கை.

வெளியே மழை கொட்டியது. "வாங்கம்மா, நான் கொண்டு விடறேன்," என்று எஸ்கோ ரைலியைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார்.

"என் கண்ணைத் திறந்துட்டீங்கம்மா. இன்னைக்கே அந்தத் தூண்டில் முள்ளுப் பாட்டை முழுசாக் கேக்கப் போறேன்."

"முழுசாவா?" ரைலி கவலையுடன் பார்த்தார். "பாத்து தம்பி. கொஞ்சம் கொஞ்சமாக் கேளுங்க."

ஏரிக்கரையோரம் ஒரு மஞ்சள் வீட்டின் முன் கார் நின்றது. ரைலி இறங்கிக் குடையை விரிப்பதற்குள் வாசல் கதவு திறந்தது. சமையல் ஏப்ரனும் கையில் சுத்தியலுமாக நெடிய கிழவர் ஒருவர் வந்து நின்றார். எஸ்கோ கார்க் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

அர்மஸ் விர்தாலா!

"வந்துட்டியா ரைலி? உன் மசாலா டப்பாவெல்லாம் எழுத்து வரிசைப்படி மாத்தி அடுக்கிட்டேன். நாளைலேருந்து உன் துணி அலமாரி!" என்று அந்தப் புகழ்பெற்ற குரல் தெருவே அதிரும்படி முழங்கியது.

ரைலி கார் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, எஸ்கோவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எட்டு மாசமா வீட்டுலயே இருக்கார், தம்பி. ஒரு ஆல்பம் பத்தாது... மூணாக் கேளுங்க!"