படத்தில் விழாத ஜன்னல்

காது கேளாத மாணவர்களுக்காகக் கோமளவல்லி பதிவுசெய்த கணினிப் பாடத்தில், ஒரு கறுப்புச் செவ்வகத்துக்குள் சுட்டி மட்டும் தனியே அலைந்துகொண்டிருந்தது. ஹார்டு டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் மென்பொருளின் ஜன்னல் திரையில் கண்ணெதிரே திறந்திருந்தும் பதிவில் விழவில்லை. நான்காம் முறையும் அப்படியே. பதினொரு மணிக்கு வகுப்பு.

“உங்க குரல்தான் தெளிவா இருக்கே மேடம்,” என்றார் பக்கத்து மேசை ஆசிரியர் ஆரோக்கியநாதன்.

“யாருக்குங்க சார் கேக்கப்போகுது?”

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்துவந்து திரையைப் பார்த்தார். “இந்த டிஸ்க் மென்பொருள் நிர்வாகி, அதான் அட்மின், அனுமதியோட ஓடுது. அதைப் படம் பிடிக்கிற பதிவு மென்பொருள் சாதாரண ஆளு. பெரிய வீட்டு உள்ளறையில அவனை விடுவாங்களா? அவனையும் நிர்வாகி ஆக்கிடுங்க, மேடம்.”

அவள் பதிவு மென்பொருளை மூடிவிட்டு ‘நிர்வாகியாக இயக்கு’ என்பதைத் தேர்ந்து மீண்டும் திறந்தாள். கணினி அனுமதி கேட்டது, கொடுத்தாள். ஐந்தாம் பதிவில் ஜன்னல் முழுதாகத் துலங்கியது. அடக்கிவைத்திருந்த மூச்சு சிரிப்பாக வெளிவந்தது.

வகுப்பில் பாடம் ஓடிக்கொண்டிருக்கையில் முன்வரிசைப் பெண் ஒருத்தி கையுயர்த்தினாள். ஜன்னலின் மூலையில் இருந்த பொத்தான் மட்டும் ஏன் மங்கலாக இருக்கிறதென்று சைகையில் கேட்டாள். ஐந்து முறை பதிவுசெய்தும் கோமளவல்லி அதைக் கவனித்ததில்லை.