மேஜை மைக்

“ஸ்பிரிங் வெளிய தெரியிற ஸ்டாண்டு வேண்டாம் அக்கா. லேசாத் தட்டினாலும் அந்தச் சத்தமும் சேர்ந்து பதிவாகும். நான் கொண்டுவந்த இது சத்தமே போடாது” என்றார் வீட்டுக்கு வந்திருந்த மைக் கடைக்காரர், அந்தத் தம்பதியிடம்.

மேஜை விளிம்பில் கவ்வியை வைத்துத் திருகினார். ஸ்டாண்டின் நீளக் கையை மடக்கி, மைக்கைக் கணவரின் வாயருகே கொண்டுவந்தார். விட்ட இடத்தில் அசையாமல் நின்றது.

“இன்னும் கிட்ட வைங்க தம்பி” என்றாள் மனைவி. “அவரால சத்தமாப் பேச முடியாது.”

“யூடியூப் சேனலா அக்கா? எத்தனை பேர் கேப்பாங்க?”

“ஒரே ஆள்தான்” என்றார் கணவர், கரகரத்த குரலில்.

கடைக்காரர் சிரித்தார். “சாருக்குத் தொண்டை கட்டியிருக்கு. சரியானதும் பதிவு பண்ணுங்களேன், என்ன அவசரம்?”

மனைவி துளி தூசியில்லாத மேஜையைத் துடைத்தாள். “திங்கக்கிழமை ஆபரேஷன் தம்பி. குரல்வளையை எடுத்துடுறாங்க. அதுக்கப்புறம் இந்தக் குரல் இருக்காது.”

கடைக்காரர் மைக்கை இன்னும் கிட்டத் தள்ளினார். மெல்லப் பதிவுப் பொத்தானை அழுத்தித் தலையசைத்தார்.

மனைவி எழுதிக் கொடுத்த தாளில் பெரிய வசனம் எதுவும் இல்லை. கணவர் முதல் வரியைப் படித்தார்.

“ஏய், எங்க இருக்க?”

“இதோ, இங்கதான் இருக்கேன்!” என்று சொல்லிவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். இருபத்தாறு வருடப் பழக்கம்.

“அழிச்சிட்டு மறுபடி எடுக்கலாமா சார்?”

“வேண்டாம் தம்பி” என்றார் கணவர். “அவ பதிலோடயே இருக்கட்டும்.”