சத்தம் போடும் கார்

"பாலத்து மேல ரெண்டாவது தடவை நின்னிருக்கு. பின்னால வர்ற லாரிக்காரன் உங்களைக் கேட்டுக்கிட்டா இடிப்பான்? வித்துடுங்கண்ணே" என்றார் மெக்கானிக் சலீம்.

அறவாழி தன் பழைய காரின் பானெட்டை மூடினான். மறதி நோயில் எல்லா முகங்களையும் தொலைத்துவிட்ட அப்பா, அந்தக் காரின் கரகர சத்தம் கேட்டால் மட்டும் "என் மவன் வந்துட்டான்" என்று ஓடிவந்து கேட்டைத் திறப்பார்.

தான் செத்துப்போனால் அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் கடைசியில் விற்றான்.

புதுக் கார் சத்தமில்லாமல் வாசலில் வந்து நின்றது. அப்பா கும்பிட்டார்.

"சார், வண்டியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. ஆபீஸ்லேருந்து என் மவன் வர்ற நேரம்."

அறவாழி காரைப் பின்னால் எடுத்தான். அப்பா அந்த இடத்தில் கிடந்த கல்லைக் காலால் ஒதுக்கிவிட்டு, தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றார்.