தலைமாட்டுப் பொட்டு

குழந்தையில்லாமல் மனைவி இறந்தால், கல்யாணச் சீராக வந்ததை அவள் பிறந்த வீட்டுக்கே திருப்பித் தருவது எங்கள் வழக்கம். தேக்குக் கட்டிலை மட்டும் என் பாலிஷ் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தேன். அதன் தலைமாட்டில், குளிக்கப் போகும்போது என் மனைவி கழற்றி ஒட்டிய பொட்டு அப்படியே இருந்தது. பி.யு. கிளியர் என்ற நிறமற்ற வார்னிஷில், அதை இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்து, பொட்டின் மேலேயே ஸ்பிரே அடித்தேன். காய்ந்துவிட்டால், கட்டில் எங்கே போனாலும் யாராலும் அதைச் சுரண்ட முடியாது.

அதற்குள் அவள் அண்ணன் தங்கமுத்து வேனோடு வந்துவிட்டான்.

"என்ன மாப்ள, அடுத்து வர்றவளுக்குப் பளபளன்னு ஆக்குறீங்களா? கட்டில் எங்களுது."

"எடுத்துக்கங்க மச்சான். ஈரம் காயட்டும், தொடாதீங்க."

"குப்பைய வச்சே அடிச்சிருக்கீங்க. படிச்சவரு பாக்குற வேலையா இது?"

சிரித்தபடி நகத்தால் நெம்பினான். பொட்டு அவன் கட்டைவிரலோடு வந்தது.

ஸ்பிரே துப்பாக்கியை அவன் கண்களுக்கு நேராகப் பிடித்து விசையை அழுத்தினேன். அலறி விழுந்தவனின் மார்பில் முழங்காலை ஊன்றி, துப்பாக்கியின் கிண்ணம் காலியாகும்வரை ஸ்பிரே அடித்தேன். அவன் கையை இறுக மூடிக்கொண்டான். ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். ஒன்று முறிந்தது.

பொட்டு கட்டைவிரலில்தான் இருந்தது. மேலே விழுந்த கிளியர் இறுகத் தொடங்கியிருந்தது. உரித்தால் கிழிந்துவிடும்.

கைக்கெட்டும் தூரத்தில் உளி கிடந்தது.