ஐஸ்பெட்டிப் பேருரை

மனிதகுலம் முழுவதும் செவிமடுக்க வேண்டிய பேருரை ஒன்றைப் பேராசிரியர் ஆபரேஷன் தியேட்டரில் நிகழ்த்திக்கொண்டிருந்தார்.

"ஐஸ்ல வெச்ச இதயம் தூங்குதுன்னு நினைக்காதீங்க. உள்ளே ஒவ்வொரு செல்லும் பட்டினி கிடக்குது. நேரம் ஆக ஆகச் சாகும். என் ஆராய்ச்சியில..."

"சார், இதயம் ஐஸ்பெட்டியில கிளம்பிடுச்சாம்," என்றாள் அவருடைய பழைய மாணவியான சர்ஜன்.

"இரும்மா, முக்கியமான இடத்துக்கு இப்பத்தான் வரேன்."

"நீங்க பேசப் பேச அங்க செல் சாகுது சார். தயவுசெஞ்சு நிறுத்துங்க."

"யாருகிட்ட பேசுறேன்னு தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. பேஷண்ட் கிட்ட."

மேசையில் மல்லாந்து படுத்திருந்த பேராசிரியரின் முகத்தில் மயக்க மருந்து டாக்டர் மாஸ்க்கை வைத்து அழுத்தினார்.

புது இதயம் தயங்காமல் துடித்தது. மறுநாள் வாயிலிருந்த குழாயை எடுத்ததும், அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.