மூணாவது ஆள்

வாக்கு எண்ணும் மண்டபத்து வாசலில் காரை நிறுத்தியதிலிருந்து முதலாளிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பின் சீட்டில் நெளிந்துகொண்டே இருந்தார்.

“இந்தப் புது முறையை எவன்டா கண்டுபிடிச்சான்? முதல் இடம் தந்தா மூணு மார்க், ரெண்டாவதுக்கு ரெண்டு, கடைசிக்கு ஒண்ணு. இது மேயர் தேர்தலா, பள்ளிக்கூடப் பரீட்சையா?”

“டென்ஷன் ஆகாதீங்க முதலாளி,” என்றான் டிரைவர். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் கையும் வியர்த்திருந்தது.

“நம்ம ஆளுங்க எதிராளிக்கு ரெண்டாவது இடம் தந்துடலையே?”

“ஒருத்தர்கூட தரலை. நீங்க நிறுத்தின டம்மிக்குத்தான் தந்தாங்க.”

“அவன் ஆளுங்க?”

“அவங்களும் உங்களைக் கடைசியில தள்ளிட்டு, ரெண்டாவது இடத்தை டம்மிக்கே தந்துட்டாங்க. உங்க ரெண்டு பேர் மேலயும் கடுப்புல இருந்தவங்க டம்மியை முதல்லயே போட்டுட்டாங்களாம்.”

முதலாளி முகம் வெளிறியது.

அதற்குள் மண்டபக் கதவு திறந்தது. “மேயர் வாழ்க!” என்று கத்திக்கொண்டு கூட்டம் காரை நோக்கி ஓடிவந்தது. போன உயிர் திரும்பி வந்தவராக, முதலாளி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் நகர்ந்தார்.

கூட்டம் முன் கதவைத் திறந்தது.

“சும்மா பேருக்கு நில்லுடான்னு நீங்கதானே சொன்னீங்க!” என்று அழாக்குறையாகச் சொன்ன டிரைவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கிருந்தே அவன் திரும்பிக் கத்தினான்:

“சாவி வண்டியிலேயே இருக்கு முதலாளி!”